கப்சாய்க்காரரைக் கணக்கில் சேர்த்தால்

கோலாலம்பூரின் கெலானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. என்ற இலகு ரயிலில் முதல் பெட்டிக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு. ஓட்டுநர் அறை கிடையாது என்பதால் முன்கண்ணாடியை ஒட்டி நின்று, தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவருவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் அந்த இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். பெரியவர்களும் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் நிற்பதுண்டு. 1998-இல் தொடங்கிய நாளிலிருந்து அந்த ரயிலை ஓட்டுவது கணினிதான். பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு கே.எல்.சி.சி. நகர மையத்துக்கு வேலைக்குப் போகிறவர் யாரும் அதை நினைத்துப் பார்த்து ஏறுவதில்லை.

2021 மே 24 இரவு, கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் இடையிலான சுரங்கத்தில் அந்தத் தடத்தின் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தார்கள். அது கணினி ஓட்டி வந்த ரயில். எதிரே வந்தது காலி ரயில். அதன் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகித் தொடர்பு அறுந்ததால், கையால் ஓட்டிப் போக ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். அவர் ரயிலைத் தவறான திசையில் எடுத்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. 47 பேருக்குப் பலத்த காயம்.

'மனிதத் தவறு' என்று செய்திகள் ஒரே சொல்லில் முடித்தன. அது பொய் இல்லை. ஆனால் கணினி படுத்துக்கொண்டதால்தான் அந்த மனிதர் அங்கே வர வேண்டியிருந்தது. கார் ஓட்டுவதில் கணினி பத்திரமா, மனிதர் பத்திரமா என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால், நான் முதலில் இந்த விபத்தைத்தான் சொல்வேன். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறுகிறதே, அந்த இடத்தைக் கவனியுங்கள் என்பேன்.

சரி, சாலைக்கு வருவோம். ரயிலுக்கு வேலி போட்ட தனிப்பாதை இருக்கிறது. குறுக்கே ஆள் வராது, ஆடு மாடு வராது. காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தானோட்டிக் கார்களைப் பற்றி இன்று நம்பிப் பேசக்கூடிய கணக்கு பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. கூகுளில் 2009-இல் ஒரு சோதனைத் திட்டமாக ஆரம்பித்து, பின்னர் வேமோ என்று தனி நிறுவனமானது அது. ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்டின் நகரங்களில் அதன் வாடகைக் கார்கள் ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லாமல் ஓடுகின்றன. 2025 ஜனவரி வரை அப்படி ஓடிய 56.7 மில்லியன் மைல்களை, அதாவது ஏறத்தாழ 91 மில்லியன் கிலோமீட்டரை, அதே நகரங்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. கடுமையான காயம் அல்லது அதற்கு மேல் போகும் விபத்துகள் 85 விழுக்காடு குறைவு. பாதசாரிகளுக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துகள் 92 விழுக்காடும், மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குக் காயம் ஏற்படுத்தியவை 82 விழுக்காடும் குறைவு.

எழுதியவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சந்தைக் கடைக்காரர் தன் மீனைப் புகழ்வதுபோல ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சுவிஸ் ரீ என்ற மறுகாப்புறுதி நிறுவனமும் அவர்களோடு சேர்ந்து 25.3 மில்லியன் மைல்களுக்கான காப்புறுதிக் கோரிக்கைகளை எண்ணிப் பார்த்தது. மனிதர்கள் ஓட்டுவதைவிடப் பொருள் சேதக் கோரிக்கைகள் 88 விழுக்காடும், உடற்காயக் கோரிக்கைகள் 92 விழுக்காடும் குறைவு. புது மாடல் கார்களை ஓட்டும் மனிதர்களை மட்டும் தனியே பிரித்து ஒப்பிட்டபோதும் இடைவெளி கொஞ்சம்தான் சுருங்கியது. எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் அதிக நம்பிக்கை தருகிறது. காப்புறுதிக்காரர்கள் கைக்காசிலிருந்து இழப்பீடு கொடுக்கிறவர்கள். அவர்களுக்குக் கற்பனை கட்டுப்படியாகாது.

இறப்பைப் பற்றிய கணக்கு வேறு. அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது 100 மில்லியன் மைலுக்குச் சுமார் ஓர் உயிர் போகிறது. அதாவது, சாவு என்பது ஓடும் தூரத்தோடு ஒப்பிட்டால் அரிதாக நடப்பது. அரிதாக நடப்பதை அளக்க நிறைய தூரம் ஓட வேண்டும். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் இதற்குக் கணக்குப் போட்டது: ஒரு சாவுகூட இல்லாமல் 275 மில்லியன் மைல் ஓடினால்தான் 'மனிதரைவிடப் பாதுகாப்பு' என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். நூறு கார்கள் இரவு பகலாக, வருடம் முழுவதும், மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினால் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டு பிடிக்கும். காயங்கள் குறைகின்றன என்று நம்பச் சான்று இருக்கிறது. சாவுகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச இன்னும் மைல்கள் சேர வேண்டும். இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

இன்னொரு எண் பல வருடமாகச் சுற்றி வருகிறது: 94. விபத்துகளில் 94 விழுக்காடு மனிதத் தவறால் நடக்கிறது, எனவே மனிதரை எடுத்துவிட்டால் 94 விழுக்காடு விபத்து போய்விடும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் ஓர் ஆய்விலிருந்து வந்த எண் அது. விபத்துக்கு முந்தைய கடைசி நொடிகளில் எது கோட்டைவிட்டது என்று பார்த்து, அதை ஓட்டுநர் பெயரில் பதிந்தார்கள். இது விபத்தின் முழுக் காரணம் இல்லை என்று அந்த ஆய்விலேயே எழுதியிருந்தது. அந்த வரியை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. வெளிச்சமில்லாத வளைவில் ஒருவர் பிரேக்கைத் தாமதமாக அழுத்தினால், கணக்கு அவர் பெயரில் போகும். வளைவுக்கும் விளக்குக்கும் பொறுப்பானவர் பெயர் எங்கும் வராது.

அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2020-இல் வேறொன்றைச் சொன்னது. தானோட்டிக் கார்கள் கண்பார்வையிலும் விழிப்பிலும் மட்டும் மனிதரை மிஞ்சினால், விபத்துகளில் மூன்றில் ஒரு பங்குதான் தவிர்க்கப்படும். மற்றவை வேகத்தாலும் அவசரத்தாலும் நடப்பவை. கார் வேகமாகப் போக வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு, கணினியும் அதற்கு ஆமாம் போட்டால் அந்த விபத்துகள் அப்படியேதான் இருக்கும்.

இவ்வளவும் அமெரிக்கக் கதை. நம் ஊருக்குக் கொண்டுவந்தால் கணக்கே மாறுகிறது.

மலேசியாவில் 2016-இல் சாலை விபத்துகளில் 7,152 பேர் இறந்தார்கள். 2019-இல் 6,167 பேர். கோவிட் காலத்தில் குறைந்து, பிறகு மறுபடி ஆறாயிரத்தைத் தாண்டியது. 2013-இல் கெந்திங் மலைச்சரிவில் பேருந்து விழுந்து 37 பேர் இறந்ததும், 2025 ஜூனில் கெரிக் அருகே 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்ததும் நாட்டையே உலுக்கின. ஆனால் ஆண்டுக் கணக்கை நிரப்புவது அவையல்ல. இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். ஒவ்வொருவராக, ஒவ்வொரு சந்திப்பில், பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில் நாலு வரியோடு. நம்மில் எத்தனை குடும்பத்துச் சுவரில் மாலை போட்ட இளைஞன் படம் மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும், புள்ளிவிவரம் தேவையில்லை.

ஆகவே 'தானோட்டிக் கார் பாதுகாப்பானதா?' என்ற கேள்வி கோலாலம்பூரில் வேறு மாதிரி இருக்க வேண்டும். காருக்குள் இருப்பவர் ஏற்கனவே இருக்கை வார், காற்றுப்பை, இரும்புக் கூடு எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே கப்சாயில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளில், போகிறவருக்குத் தலைக்கவசம் மட்டும். இந்தக் கார் அவருக்கு என்ன செய்யும்? அதுதான் கேட்க வேண்டியது.

கார்க்காரர் செய்யும் சில தவறுகளிலிருந்து அவரைக் காப்பாற்றும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கக் கண்ணாடி பார்க்காமல் தடம் மாறுவது, சந்திப்பில் குறுக்கே திரும்புவது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது. குடிபோதை விஷயத்தில் 2020-இல் சட்டத்தைக் கடுமையாக்கி, இரத்தத்தில் மது அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். கணினி குடிக்காது. தூங்கி விழாது. எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் பார்க்கும். நாம் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 110 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் 46 மீட்டர் போய்விடும். இந்தப் போட்டியில் மனிதன் ஜெயிக்க வழியில்லை.

ஆனால் மோட்டார் சைக்கிள் சாவுகளில் ஒரு பங்கில் காரே சம்பந்தப்படுவதில்லை. குழியில் விழுகிறார்கள், மணலில் சறுக்குகிறார்கள், இன்னொரு மோட்டாரோடு மோதுகிறார்கள், கட்டுப்பாடு தப்பி மரத்தில் இடிக்கிறார்கள். நாட்டில் உள்ள காரையெல்லாம் கணினியிடம் கொடுத்தாலும் இவர்கள் பிழைக்கப்போவதில்லை.

எங்கள் செந்தூல் வீட்டுக்கு அடுத்த வீட்டு மாமா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். ஒருநாள் கைப்பேசியில் ஆளில்லாத கார் ஓடுவதைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போவுது தம்பி. மழை பெய்யட்டும், அப்புறம் காட்டு" என்றார்.

லோரிக்காரர் மூளை சும்மா இல்லை. ஃபீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். கோலாலம்பூரில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கொட்டுகிறது, அதுவும் பெரும்பாலும் வேலை விடும் நேரத்தில். தானோட்டிக் கார்கள் கேமரா, ரேடார், லைடார் மூன்றையும் வைத்துப் பார்க்கின்றன. லைடார் என்பது லேசர் ஒளியை வீசி, திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் கருவி. கனமழையில் ஒளி துளிகளில் பட்டுச் சிதறுகிறது. கேமரா கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. ரேடார் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதற்கு உருவம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. பார்வை மங்கும்போது நல்ல அமைப்பு வேகத்தைக் குறைக்கும், அல்லது ஓரம் கட்டி நின்றுவிடும். ஓரம் கட்டுவது என்றதும்தான் நம் ஊர்க் காட்சி கண்ணுக்கு வருகிறது. மழை வலுத்தால் மோட்டார்க்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார்கள். முதலில் ஓரத்தில் நாலு பேர், பிறகு நாற்பது பேர், கடைசியில் இடது தடத்தில் பாதியே அவர்கள் கையில். பத்து வருடம் இங்கே ஓட்டியவருக்கு, மழையில் பாலம் தெரிந்ததுமே கை தானாக வலப்பக்கம் திருப்பும். சாலைக் குறிப்பு ஏதும் அங்கே இல்லை. இது ஊர் அறிவு.

இந்த ஊர் அறிவை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியாதா? முடியும். ஆனால் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முதலில் யாருக்காவது தோன்ற வேண்டும். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, வேறு ஏதாவதா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி முடிவெடுத்துக்கொண்டே இருந்தது. பாதசாரிக் கடவைக்கு வெளியே மனிதர் சாலையைக் கடப்பார் என்ற நினைப்பே அதன் நிரலில் இல்லை என்று விசாரணை சொன்னது. மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் கைப்பேசித் திரையில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் நின்று பாருங்கள். கடவையில் கடக்கிறவர் எத்தனை பேர், பூக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே கையைக் காட்டிக்கொண்டு கடக்கிறவர் எத்தனை பேர்? சாலையோரம் இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் தொலைபேசி எண் வைத்துப் போகும் காரைச் சுற்றிக்கொண்டு போக, நாம் எல்லாரும் கோட்டைத் தாண்டித்தான் போகிறோம். விதி பிசகாத கார் அங்கே என்ன செய்யும்? காத்திருக்கும். பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கும்.

முன்விளக்கைப் பளிச்சிட்டு ஹை பீம் அடிப்பதும் அப்படித்தான். 'நீ போ' என்று ஒருவர் அடிக்கிறார், 'நான் வருகிறேன், நில்' என்று இன்னொருவர் அடிக்கிறார். எது எது என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இயந்திரத்தின் தவறுகள் மனிதத் தவறுகளைப் போலவே இருப்பதில்லை. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸில், ஓர் இழுவை லோரி ஒரு பிக்அப் வண்டியைப் பின்பக்கமாக, கோணலாக இழுத்துப் போனது. வேமோ கார் ஒன்று அதில் இடித்தது. சில நிமிடம் கழித்து, அதே நிறுவனத்தின் இன்னொரு கார், அதே பிக்அப்பில் இடித்தது. பின்பக்கமாக இழுபடும் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை இரண்டும் ஒரே மாதிரி தப்பாகக் கணித்தன, ஏனெனில் இரண்டுக்கும் ஒரே மூளை. ஒரு மனிதர் தப்புச் செய்தால் அது அவரோடு போகும். இங்கே ஓட்டை ஒன்று இருந்தால் எல்லாக் காருக்கும் உண்டு. மறுபக்கம், திருத்தமும் அப்படித்தான்: நிரலைச் சரிசெய்ததும் எல்லாக் காரும் ஒன்றாகத் திருந்தின. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பதினேழு வயதில் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது, அப்பாவின் அனுபவம் தானாக இறங்குவதில்லை.

இதுவரை சொன்னது ஓட்டுநர் அறவே இல்லாத காரைப் பற்றி. அது கோலாலம்பூரில் வாடகைக்கு ஓட இன்னும் நாளாகலாம். சைபர்ஜெயாவில் சோதனைத் தடம் அமைத்தார்கள், சோதனைகள் நடந்தன. ஆனால் நம் வீட்டு வாசலில் ஏற்கனவே நிற்பது அரைக் கணினி கார். தடத்துக்குள் பிடித்து நிறுத்தும், முன்காரோடு இடைவெளி காக்கும், ஆனால் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. பொறியாளர்கள் இதை இரண்டாம் நிலை என்கிறார்கள். ஆளே வேண்டாத வாடகைக் கார் நான்காம் நிலை. விற்பனைக் கூடத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நான் பயப்படுவது இந்த இரண்டாம் நிலையைத்தான்.

எங்கள் வீட்டுக் காரில் அந்த வசதி இருக்கிறது. சாலைப் பணி நடந்த ஓர் இடத்தில் தடத்தைத் தற்காலிகமாக மாற்றிப் புதுக்கோடு போட்டிருந்தார்கள், பழைய கோட்டைச் சரியாக அழிக்கவில்லை. வெயிலில் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. கார் பழைய கோட்டை நம்பி, பிளாஸ்டிக் தடுப்புகளை நோக்கி ஸ்டீயரிங்கை இழுத்தது. நான் கையை லேசாகத்தான் வைத்திருந்தேன். இழுத்துப் பிடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி, "காடி ஓட்டுதா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். அதற்கு நேர்மையான பதில் 'இரண்டு பேரும் பாதிப் பாதி' என்பதுதான். எல்.ஆர்.டி. சுரங்கத்தில் நடந்ததும் ஒருவகையில் அதே பாதிப் பாதி.

மனித மனம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு ஆகாது. ஒரு மணி நேரம் எதுவும் நடக்காவிட்டால் கவனம் எங்கோ போய்விடும், பிறகு ஒரே நொடியில் முழுப் பொறுப்பையும் தலையில் போட்டால் தடுமாறும். டெஸ்லா 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 2 மில்லியனுக்கும் மேற்பட்ட கார்களின் நிரலைத் திருத்த நேர்ந்ததும் இதற்காகத்தான்: ஆட்டோபைலட் ஓடும்போது ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்பதைக் கார் போதிய அளவு கண்காணிக்கவில்லை என்று அரசுத் துறை கண்டது. வேமோவின் நல்ல எண்களைக் காட்டி இரண்டாம் நிலைக் காரை விற்பது, விமானியின் அனுபவத்தைச் சொல்லிக் காற்றாடிப் பட்டம் விற்பது போல.

இதே கருவிகள் ஓட்டுவதை விட்டுவிட்டுக் காவல் மட்டும் காக்கும்போது எனக்குப் புகார் இல்லை. 2017 பெரோடுவா மைவி காலத்திலிருந்தே, மோதப்போகிறது என்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு சாதாரணக் குடும்பம் வாங்கும் காருக்கும் வந்துவிட்டது. ஆசியான் நாடுகளுக்கான கார் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டமும் 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டியின் பாதுகாப்பைத் தனிப் பிரிவாக்கி மதிப்பெண் போடுகிறது. மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் அந்தத் திட்டத்தில் பங்காளி. குருட்டுப் பகுதியில் கப்சாய் வந்தால் கார் எச்சரிக்கிறதா என்று பார்க்கிறார்கள். கப்சாய்க்காரரைக் கணக்கில் சேர்த்த சோதனை என்று இதைச் சொல்லலாம்.

அதற்கு முன்னால் நடந்தவற்றையும் மறந்துவிடக் கூடாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று 1970-களிலேயே தனிப்பாதை போட்டார்கள். பின்னர் அதை நீட்டியபோது மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக இங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1992-இல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று கொண்டுவந்தபோது, மோட்டார் கண்ணில் படாததால் நடக்கும் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்தன. சிமெண்டும் ஒரு பல்பும் செய்த வேலை. அந்தத் தனிப்பாதையில் இன்று குழியும் இருட்டும் இருக்கிற இடங்களில் மோட்டார்க்காரர்கள் கார் தடத்துக்கே வந்துவிடுகிறார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

தானோட்டி வாடகைக் காருக்கு என்றாவது கோலாலம்பூரில் உரிமம் கொடுத்து, ஓராண்டு கழித்து ஓர் அறிக்கை வந்தால், அதில் பயணிகள் எத்தனை பேர் பத்திரமாக இறங்கினார்கள் என்ற வரியை நான் மெதுவாகப் படித்துக்கொள்வேன். முதலில் தேடுவது, அந்தக் கார்களின் பக்கத்தில் போன மோட்டார்களுக்கு என்ன ஆயிற்று, மழை நாளில் எத்தனை, இரவில் எத்தனை என்ற பட்டியலை. அடுத்த வீட்டு மாமாவுக்கும் அதைத்தான் காட்டுவேன். மழையில் ஓடிய படமும் இருந்தால் நல்லது. கேட்டுக்கொண்டே இருக்கிறார்.